ரவுட்டர் தரநிலையில் நான் முதலில் படிக்கும் பக்கம்

வலையமைப்புகளை இணைத்துத் தகவலை வழிநடத்தும் ரவுட்டர்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேச வேண்டும் என்று வகுக்கும் தரநிலையின் புதிய வரைவு கைக்கு வந்தால் நான் அதை முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. முன்னுரை, நோக்கம், பாக்கெட்டின் (வலையில் போகும் தகவல் பொட்டலம்) படம் எல்லாவற்றையும் தாண்டி, பிழை கையாளுதல் என்ற தலைப்பு எங்கே இருக்கிறது என்று தேடுவேன். இருந்தால் அங்கே நிதானமாக உட்கார்ந்துவிடுவேன். இல்லையென்றால், எழுதியவர்கள் இன்னும் யோசித்து முடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வேன். ரவுட்டர்களுக்கு மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. அந்த வேலையில் தொற்றிக்கொண்ட பழக்கம் இது.

எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் ரவுட்டர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுவது பெரிய காரியமில்லை. முதல் இரண்டு பைட்டில் நீளம், அடுத்த பைட்டில் வகை, அப்புறம் தகவல். விஷயம் தெரிந்த இருவர் ஒரு மத்தியானத்தில் எழுதிவிடலாம். ஆனால் நீளம் 20 என்று சொல்லிவிட்டு 12 பைட்தான் வந்தால்? இதுவரை கேள்விப்படாத வகை எண் வந்தால்? அந்தச் செய்தியைத் தூக்கி எறியலாம். கண்டுகொள்ளாமல் அடுத்த ரவுட்டருக்குக் கடத்தலாம். அனுப்பியவரோடு பேச்சையே முறித்துக்கொள்ளலாம். மூன்று நிறுவனங்கள் மூன்று முடிவை எடுத்தால், தனித்தனியாகப் பார்க்கும்போது மூன்றும் நியாயமாகத்தான் தோன்றும். மூன்றும் ஒரே வலையில் சேர்ந்து ஓடும்போதுதான் வினை.

மற்ற மென்பொருளுக்கு இந்த அளவு தொல்லை இல்லை. பிரவுசர் ஒன்று தடுமாறினால் ஒருவரின் திரை உறையும், அவ்வளவுதான். ரவுட்டர், தான் ஒரு பக்கத்தில் கேட்டதை மறுபக்கத்தில் திருப்பிச் சொல்கிறது. அது தவறாகக் கேட்டால் தவறாகச் சொல்லும். கேட்டவர்களும் அதை அப்படியே பரப்புவார்கள். அதனால் ரவுட்டர் தரநிலை எழுதுபவர்கள் கெட்ட நாளைத்தான் முதலில் கற்பனை செய்ய வேண்டும் என்பது என் கட்சி. நடைமுறையில் அது கடைசியில்தான் நடக்கிறது, பெரும்பாலும் ஏதாவது ஒன்று வெடித்த பிறகு.

பிஜிபியையே எடுத்துக்கொள்வோம். இணையத்தில் இருக்கும் ஆயிரக்கணக்கான தனித்தனி வலையமைப்புகள் "இந்த முகவரிகளுக்கு என் வழியாக வரலாம்" என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் நெறிமுறை அது. 1989 ஜனவரியில் இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் கூட்டம் ஒன்றின்போது, மதிய உணவு நேரத்தில் கர்க் லோஹீடும் யாகோவ் ரெக்டரும் காகித நாப்கின்களில் அதன் முதல் வடிவத்தை வரைந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் அது ஆர்எஃப்சி 1105 ஆக, அதாவது ஆர்எஃப்சி என்ற எண்ணிட்ட ஆவண வரிசையில் ஒன்றாக, வெளிவந்தது. இன்று ஓடும் நான்காவது பதிப்பின் ஆவணம் ஆர்எஃப்சி 4271, ஆண்டு 2006.

பிஜிபி அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் 19 பைட் தலைப்பு உண்டு. அதில் முதல் 16 பைட் முழுவதும் ஒன்றுகள்தான். ஆரம்பத்தில் அந்த இடம், அனுப்புபவர் யார் என்று உறுதிசெய்யப் பயன்படும் என்று ஒதுக்கப்பட்டது. அந்தத் திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. இப்போதைய தரநிலை அந்த 16 பைட்டையும் ஒன்றுகளால் நிரப்பு, பழைய பதிப்புகளோடு ஒத்துப்போக அவ்வளவுதான், என்று முடித்துக்கொள்கிறது. நீளத்துக்கு இரண்டு பைட், வகைக்கு ஒரு பைட். ஆக, உருப்படியான தகவல் மூன்றே பைட். வேலைக்குப் புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதை நீக்கினால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ரவுட்டரோடும் பேச முடியாது என்று சொன்னால் சிரிப்பு நின்றுவிடும்.

இப்படிப்பட்ட ஆவணங்கள் எப்படி உருவாகின்றன என்பது வெளியே அதிகம் தெரியாத கதை. ஆர்எஃப்சி வரிசை 1969 ஏப்ரலில் ஸ்டீவ் க்ராக்கர் எழுதிய முதல் குறிப்போடு தொடங்கியது. இப்போது எண்ணிக்கை 9,000-ஐத் தாண்டிவிட்டது. ஐஇடிஎஃபின் முதல் கூட்டம் 1986 ஜனவரியில் சான் டியேகோவில் நடந்தபோது வந்தவர்கள் 21 பேர். இன்றும் அதற்கு உறுப்பினர் அட்டை கிடையாது, எனவே வாக்கெடுப்பும் கிடையாது. யாருக்கு வாக்கு என்று எப்படித் தீர்மானிப்பது? பணிக்குழுத் தலைவர் ஒரு கேள்வியைக் கேட்டு, "ஆமாம் என்பவர்கள் முனகுங்கள்" என்பார். அறையில் 'ம்ம்ம்' என்று ஓர் ஓசை எழும். அப்புறம் எதிர்ப்பவர்களின் முறை. முதல் தடவை பார்ப்பவர்களுக்குக் கேலிக்கூத்து போலத்தான் தெரியும்.

ஆனால் அதற்குள் ஒரு கறாரான விதி இருக்கிறது. 2014-இல் பீட் ரெஸ்னிக் எழுதிய ஆர்எஃப்சி 7282 அதை விளக்குகிறது. நூறு பேர் ஆதரித்து ஐந்து பேர் எதிர்த்தாலும் ஒருமிப்பு இல்லாமல் போகலாம். ஐந்து பேர் ஆதரித்து நூறு பேர் எதிர்த்தாலும் ஒருமிப்பு இருக்கலாம். ஏனென்றால் அங்கே தலையை எண்ணுவதில்லை. எழுப்பப்பட்ட தொழில்நுட்ப ஆட்சேபனைக்குப் பதில் கிடைத்ததா என்பதுதான் கேள்வி. ஒரு நிறுவனம் தன் ஆட்கள் ஐம்பது பேரை அனுப்பி அறையை நிரப்பினாலும், மூலையில் இருக்கும் ஒருவர் "இதில் பாக்கெட் சுற்றிச் சுற்றி வருமே" என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். எப்போதும் இப்படியே நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதை யாரும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. இருந்தாலும் ஒரு வரைவைத் தடுத்து நிறுத்த ஒரு நல்ல கேள்வி போதும் என்ற நிலை பெரிய விஷயம். அந்த நல்ல கேள்விகளில் பாதி, பிழை கையாளும் பகுதியிலிருந்துதான் வரும்.

சரி, 2010-க்கு வருவோம். என் பார்வையில் இந்தத் துறையில் நடந்ததிலேயே அதிகம் கற்றுத்தரும் விபத்து அதுதான்.

பிஜிபியில் ஒவ்வொரு வழித்தகவலோடும் சில பண்புகள் ஒட்டிக்கொண்டு போகும். எந்தெந்த வலையமைப்புகளைக் கடந்து வந்தது, அடுத்து எந்த ரவுட்டருக்கு அனுப்ப வேண்டும் என்பது போன்றவை. அவற்றில் ஒரு வகைக்குச் சிறப்புச் சலுகை உண்டு. அந்தப் பண்பு என்னவென்று ஒரு ரவுட்டருக்குப் புரியாவிட்டாலும், அதை அப்படியே அடுத்தவருக்குக் கடத்த வேண்டும். தனக்குப் புரியவில்லை என்பதைக் காட்ட ஒரு பிட்டை மட்டும் மாற்றி வைக்கும். 2010 ஆகஸ்ட் 27 அன்று ஐரோப்பியப் பகுதிக்கு இணைய முகவரிகளை வழங்கும் ரைப் என்சிசியும் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஒரு சோதனைக்காக, யாரும் அதுவரை பார்த்திராத பெரிய பண்பு ஒன்றைச் சேர்த்து ஒரு வழித்தகவலை வெளியிட்டார்கள். தரநிலைப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை.

பெரும்பாலான ரவுட்டர்கள் சொன்னபடி கடத்தின. ஒரு குறிப்பிட்ட மென்பொருள் ஓடிய ரவுட்டர்கள் மட்டும் கடத்தும்போது அதைச் சிதைத்துவிட்டன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. சிதைந்த செய்தி போய்ச் சேர்ந்தது அவற்றின் அண்டை ரவுட்டர்களிடம். அந்த அண்டை ரவுட்டர்கள் தரநிலையை அட்சரம் பிசகாமல் பின்பற்றின. ஆர்எஃப்சி 4271 சொல்வது இதுதான்: வந்த செய்தியில் பிழை கண்டால், அறிவிப்பு அனுப்பிவிட்டு செஷனை, அதாவது அந்த ரவுட்டரோடு இருக்கும் இணைப்பை, மூடு. மூடின. மூடினால் அந்த அண்டை ரவுட்டரிடமிருந்து கற்ற லட்சக்கணக்கான வழிகளும் போய்விடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இணையும், முழுப் பட்டியலும் மறுபடி வரும், அதில் அதே சிதைந்த செய்தியும் வரும், மறுபடி மூடும். சோதனையைச் சுமார் அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். அதற்குள் உலகத்தின் பல மூலைகளில் வழிகள் ஆடிப்போயின.

இதில் சோதனை செய்தவர்கள்மேல் கோபப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அவர்கள் விதிக்குள் இருந்தார்கள். செஷனை முறித்தவர்களும் விதிக்குள்தான் இருந்தார்கள். விதியே தவறான ஆளைத் தண்டிக்கிறது என்பதுதான் அன்று அம்பலமானது.

அப்படியானால் அந்த விதியை எழுதியவர்கள் முட்டாள்களா? இல்லை. பிஜிபி, தகவலை முழுமையாகக் கொண்டுசேர்க்கும் டிசிபி என்ற நெறிமுறையின்மேல் ஓடுகிறது. வழியில் ஒரு பைட் தொலைந்தாலும் டிசிபி அதைச் சரிசெய்துவிடும். எனவே பிழையான செய்தி வந்தால், எதிரில் இருப்பவரின் நிரல் கெட்டுப்போயிருக்கிறது என்றுதான் பொருள் என நினைத்தார்கள். கெட்டுப்போனவர் சொன்ன மற்ற எதை நம்புவது? பழையதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவோம். இரண்டு ரவுட்டர்களை மட்டும் மனதில் வைத்துப் பார்த்தால் இந்த வாதத்தில் ஓட்டையே இல்லை. புரியாததைக் கடத்து என்ற இன்னொரு விதியோடு சேரும்போதுதான் ஓட்டை விழுகிறது. பிழையைச் செய்தவர் எங்கோ தொலைவில் இருக்கலாம், தண்டனை பக்கத்தில் இருப்பவருக்கு விழும்.

திருத்தம் ஆர்எஃப்சி 7606 ஆக வந்தது 2015 ஆகஸ்டில். சாரம் இதுதான்: பிழையான பண்போடு ஒரு வழித்தகவல் வந்தால், செஷனை உடைக்காதே. அந்த ஒரு வழியை மட்டும், அனுப்பியவரே திரும்பப் பெற்றுக்கொண்டதாக வைத்துக்கொள். கேட்டதும் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். எழுத உட்கார்ந்தால்தான் முள் குத்தும். ஒரே வலையமைப்புக்குள் இருக்கும் இரண்டு ரவுட்டர்களில் ஒன்று அந்த வழியை நீக்கிவிட்டு, இன்னொன்று வைத்திருந்தால்? இருவரின் கணக்கும் வேறுபடும், பாக்கெட் இருவருக்கும் இடையே பந்தாடப்படலாம். ஆவணம் இந்த ஆபத்தை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறது. அப்புறம் இன்னொன்று. எந்த வழியை நீக்குவது என்று தெரிய வேண்டுமே? முகவரிப் பட்டியலே சிதைந்திருந்தால் எதை நீக்குவது? அப்போது வேறு வழியில்லை, செஷனை உடைக்கத்தான் வேண்டும். அந்த நிலை அடிக்கடி வராமலிருக்க, முகவரிகளைச் சுமந்து வரும் பண்பை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் முதலாவதாக வை என்றும் ஒரு விதி சேர்த்தார்கள். பின்னால் வருவது என்னவானாலும், எந்த முகவரிகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதாவது கையில் கிடைத்துவிடும். இந்தச் சின்ன விதி எனக்கு மிகவும் பிடித்தது. கெட்ட நாளை உண்மையிலேயே கற்பனை செய்து பார்த்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும்.

புரியாததைக் கடத்து என்ற விதியையே எடுத்துவிட்டால் தொல்லை தீருமே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் ஏஎஸ் எண்களின் கதையைச் சொல்வேன். ஒவ்வொரு வலையமைப்புக்கும் தரப்படும் இந்த அடையாள எண் முதலில் 16 பிட்டில் இருந்தது. மொத்தம் 65,536 எண்கள், அவை தீரும் நாள் கண்ணுக்குத் தெரிந்தது. 32 பிட்டுக்கு மாற வேண்டும். உலகத்தில் இருக்கும் எல்லா ரவுட்டர்களையும் ஒரே இரவில் மாற்ற முடியாது. 2007-இல் வந்த ஆர்எஃப்சி 4893 என்ன செய்தது தெரியுமா? பழைய ரவுட்டரிடம் பேசும்போது, பெரிய எண் வரும் இடத்தில் எல்லாம் 23456 என்ற ஒரு பொம்மை எண்ணைப் போடு. உண்மையான எண்களை, அதற்குப் புரியாத ஒரு பண்புக்குள் வைத்து அனுப்பு. பழைய ரவுட்டர் ஒன்றும் அறியாமல் அதைச் சுமந்து போய் மறுபக்கம் சேர்க்கும். அங்கே இருக்கும் புதிய ரவுட்டர் பிரித்துப் பார்த்து உண்மையான பாதையைக் கட்டிக்கொள்ளும். 2010-இல் சிதைவு நுழைந்த அதே கதவு வழியாகத்தான், சில ஆண்டுகளுக்கு முன் இந்த மாற்றமும் நுழைந்தது. கதவை மூடியிருந்தால் இரண்டுமே நடந்திருக்காது.

பழைய ஆட்கள் இந்த இடத்தில் இணைய முன்னோடிகளில் ஒருவரான ஜான் போஸ்டலின் வாசகத்தை இழுப்பார்கள்: அனுப்புவதில் கண்டிப்பாக இரு, ஏற்பதில் தாராளமாக இரு. நெறிமுறைகள் சின்னப் பிள்ளைகளாக இருந்த 1980-களில் அது நல்ல புத்திமதி. ஆனால் ஏற்பதில் தாராளம் காட்டினால், அனுப்புபவரின் பிழை யாருக்கும் தெரியாமல் போகும். தெரியாத பிழை திருத்தப்படாது. சில ஆண்டுகளில் அந்தப் பிழையே எழுதப்படாத தரநிலையாகிவிடும், புதிதாக எழுதுபவர் அதையும் ஆதரிக்க வேண்டியிருக்கும். 2023-இல் வந்த ஆர்எஃப்சி 9413 இந்த வாதத்தை விரிவாக வைக்கிறது. நான் அந்தப் பக்கம்தான். தாராளத்தை, நிரல் எழுதுபவரின் நல்ல மனசுக்கு விடாமல், இந்த இடத்தில் இவ்வளவு தாராளம் என்று ஆவணமே சொல்லிவிட வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு புலம்பல். ஆர்எஃப்சி 2119 வரையறுத்த 'மஸ்ட்', 'ஷுட்', 'மே' என்ற மூன்று சொற்கள் எங்களுக்குச் சட்டம் மாதிரி. மஸ்ட் என்றால் செய்தே ஆக வேண்டும். ஷுட் என்றால் தகுந்த காரணம் இருந்தால் ஒழியச் செய்ய வேண்டும், மீறுவதன் விளைவைப் புரிந்துகொண்டுதான் மீற வேண்டும். வேலை நெருக்கடியில் ஷுட் என்பதற்கு "அடுத்த வெளியீட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று அர்த்தமாகிவிடுகிறது. பணிக்குழுவில் இரண்டு தரப்பு விட்டுக்கொடுக்காமல் நிற்கும்போது சமாதானத்துக்கு ஷுட் போடுவதும் நடக்கும். எப்போது மீறலாம் என்று சொல்லாத ஷுட் ஒவ்வொன்றும், இரண்டு நிறுவனங்களின் பொறியாளர்கள் பின்னாளில் ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை போடுவதற்கான சீட்டு.

நிரல் சொல்வதும் ஆவணம் சொல்வதும் முரண்பட்டால் பெரும்பாலும் நிரல்தான் ஜெயிக்கும். ஐபி பாக்கெட்டில் அதன் ஆயுளைக் குறிக்கும் ஓர் எண் இருக்கிறது. 1981-இன் ஆர்எஃப்சி 791 அதை விநாடிகளில் அளக்கச் சொன்னது. கூடவே, எவ்வளவு சீக்கிரம் கடத்தினாலும் ஒவ்வொரு ரவுட்டரும் குறைந்தது ஒன்றைக் கழிக்க வேண்டும் என்றது. விநாடியை அளக்க யார் மெனக்கெடுவார்கள்? எல்லோரும் ஒன்றை மட்டும் கழித்தார்கள். ஐபியின் புதிய பதிப்பான ஐபிவி6 எழுதும்போது அந்த எண்ணின் பெயரையே தாண்டல் வரம்பு (எத்தனை ரவுட்டர்களைத் தாண்டலாம் என்பது) என்று மாற்றி விஷயத்தை முடித்தார்கள். இந்த யதார்த்தம் தெரிந்ததால்தான் பிஜிபி பணிக்குழு, ஒரு வரைவை மேலே அனுப்புவதற்கு முன் இரண்டு நிரலாக்கங்களாவது ஓடிக் காட்ட வேண்டும் என்று கேட்கிறது. எழுதிய இருவரும் ஒரே வாக்கியத்தை இருவிதமாகப் புரிந்துகொண்டது அப்போதுதான் தெரியவரும்.

2009 பிப்ரவரியில் நடந்த விபத்து வேறு ரகம். செக் நாட்டு வலையமைப்பு ஒன்று தன் வழியின் பாதை நீளமாகத் தெரிய வேண்டும் என்று, தன் ஏஎஸ் எண்ணைப் பாதையில் திரும்பத் திரும்பச் சேர்க்க நினைத்தது. நீளமான பாதையை மற்றவர்கள் தவிர்ப்பார்கள் என்பதால் இது வழக்கமான தந்திரம்தான், இரண்டு மூன்று முறை சேர்ப்பார்கள். இவர்களின் பாதையில் 252 முறை வந்து நின்றது. பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம் இது: அந்தக் கருவியின் அமைப்பில் எத்தனை முறை என்று கேட்கும் இடத்தில் ஏஎஸ் எண்ணையே அடித்திருக்கிறார்கள். எண் 47868. ஒரு பைட்டில் அடங்குவது 256 மதிப்புகள்தான், 47868-ஐ 256-ஆல் வகுத்தால் மீதி 252. பாதையின் ஒரு துண்டில் 255 எண்கள்தான் கொள்ளும். வழியில் இருந்த மற்ற வலையமைப்புகளும் தங்கள் எண்ணைச் சேர்க்கச் சேர்க்க, நிரம்பி வழிந்தது. நிரம்பினால் புதிய துண்டு தொடங்கு என்று ஆர்எஃப்சி 4271-இல் எழுதியிருக்கிறது. சில பழைய மென்பொருள்கள் அங்கே தடுக்கி விழுந்தன. அதுவரை 255-ஐ நெருங்கியவரே இல்லையென்றால் அந்த வரியை யார் சோதித்திருப்பார்கள்?

தரநிலை எழுதுபவர்கள் பெரும்பாலும் தொடாத இடம் ஒன்று உண்டு. பெட்டியைத் திறந்து மின்சாரம் கொடுத்ததும் ரவுட்டர் என்ன செய்யும் என்பது. அது தயாரிப்பாளரின் விருப்பம் என்று விட்டுவிடுவார்கள். பிஜிபியில் பல காலமாக வழக்கம் என்னவென்றால், எதை ஏற்பது, எதைச் சொல்வது என்று வடிகட்டும் கொள்கை எதையும் எழுதாமல் அண்டை ரவுட்டரை இணைத்தால், வருவது எல்லாவற்றையும் ஏற்று, தெரிந்தது எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஒரு சின்ன வலையமைப்பு இரண்டு பெரிய வலையமைப்புகளோடு இப்படி இணைந்து, ஒன்றின் வழிகளை மற்றொன்றுக்குச் சொல்லிவிட்டால், தன்னால் தாங்கவே முடியாத போக்குவரத்தைத் தன் தலையில் இழுத்துக்கொள்ளும். வழிக்கசிவு என்று நாங்கள் சொல்லும் விபத்துகளில் ஒரு வகை இது.

2017 ஜூலையில் வந்த ஆர்எஃப்சி 8212 இதைத் தலைகீழாக்கியது. வெளி வலையமைப்போடு பேசும் செஷனில் கொள்கை எதுவும் எழுதப்படவில்லை என்றால், எதையும் ஏற்காதே, எதையும் சொல்லாதே. சில பக்கங்களே உள்ள ஆவணம். என்னைக் கேட்டால், தடிமனான பல பாதுகாப்பு ஆவணங்களைவிட இதற்கு மதிப்பு அதிகம். பாதையில் ஒவ்வொரு தாண்டலையும் கையெழுத்திட்டு உறுதிசெய்யும் பிஜிபிசெக், அதே ஆண்டு செப்டம்பரில் ஆர்எஃப்சி 8205 ஆக வந்தது. கணிதம் அழகு. ஆனால் வழியில் இருக்கும் எல்லோரும் சேர்ந்தால்தான் பலன், முதலில் சேருபவருக்குச் செலவு மட்டும்தான். அதனால் அது காகிதத்தில்தான் இருக்கிறது. 8212-க்கு அந்தச் சிக்கல் இல்லை. ஒரே ஒரு ரவுட்டர் பின்பற்றினாலும், அந்த ரவுட்டர் வழியாக வரவிருந்த ஒரு கசிவு நிற்கும்.

அதைச் செயல்படுத்துவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஏற்கெனவே கொள்கை எழுதாமல் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டருக்குப் புதிய மென்பொருளை ஏற்றினால், மறுதொடக்கம் ஆனதும் அது வாயை மூடிக்கொள்ளும். ஒரு வலையமைப்பே காணாமல் போகும். பழி தரநிலைமேல் விழாது, மென்பொருள் ஏற்றிய பொறியாளர்மேல் விழும். இதை முன்கூட்டியே யோசித்து, ஆவணத்தின் பின்னிணைப்பில் படிப்படியாக மாறும் ஒரு வழியைக் கொடுத்திருக்கிறார்கள். முதல் வெளியீட்டில் பழைய நடத்தையை வெளிப்படையான ஓர் அமைப்பு வரியாக எழுதிக் காட்டுவது. அதற்கடுத்த வெளியீட்டில், அந்த வரி இருக்கும் பழைய ரவுட்டர்களை அப்படியே ஓடவிட்டு, புதிதாக அமைக்கப்படும் ரவுட்டர்களுக்கு மட்டும் கண்டிப்பான நடத்தையைக் கொண்டுவருவது. பேர்டு, எஃப்ஆர்ரவுட்டிங் போன்ற திறந்தமூல மென்பொருள்கள் கொள்கையைக் கேட்கத் தொடங்கிவிட்டன. வணிக நிறுவனங்களில் சில முன்பிருந்தே அப்படித்தான், சில இன்னும் பழைய வழக்கத்திலேயே இருக்கின்றன. புதிதாக ஒரு ரவுட்டரை வாங்குபவர்கள் அதன் விவரத்தாளில் எத்தனை கிகாபிட் என்று பார்த்த கையோடு, கொள்கை எழுதாமல் ஒரு செஷனைத் தொடங்கினால் இது என்ன செய்யும் என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வந்தால், அந்த நிறுவனத்தில் யாரோ பிழை கையாளும் பகுதியைப் படித்திருக்கிறார்கள்.